அப்கிரேட்: ஒரு சொல், மூன்று வேலைகள்

ஓசூரில் இயங்கும் தொழில் நிறுவனங்களின் கணிப்பொறிப் பிரிவிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் சிறு அலுவலகங்களிலும் ஓயாமல் புழங்கும் சொற்களுள் ‘அப்கிரேட்’ ஒன்று. ‘சைட்டை அப்கிரேட் பண்ண வேண்டும்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்படும்போது, அது ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவுவதாக இருக்கலாம். தளம் எழுப்பப்பட்டுள்ள ஆயத்த நிரல் அடித்தளமான சட்டகத்தை (ஃபிரேம்வொர்க்) அடுத்த பதிப்புக்குக் கொண்டுசெல்வதாக இருக்கலாம். பழைய தளத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாகவே எழுதுவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆகும் காலமும் செலவும் வெவ்வேறு. எப்போது செய்யலாம் என்ற கேள்விக்கும் மூன்றிலும் மூன்று விடைகள் உண்டு. பணம் கொடுப்பவர் ஒன்றை எண்ணிக் கேட்க, நிரலர் வேறொன்றை எண்ணி விடை சொல்வது இந்தச் சொல்லைச் சுற்றி வழக்கமாக நடப்பது.

இச்சொல்லின் பின்பாதியான ‘கிரேட்’, அடிவைப்பையும் படியையும் குறித்த ‘கிராதுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பட்டத்தைக் குறிக்கும் ‘டிகிரி’, பட்டதாரியைக் குறிக்கும் ‘கிராஜுவேட்’, சாலைப் பொறியாளர்கள் சரிவைக் குறிக்கச் சொல்லும் ‘கிரேடியன்ட்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையே. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க ஆங்கிலத்தில் ‘அப்கிரேட்’ ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தது. சாலையோ தண்டவாளமோ மேல்நோக்கி ஏறும் சரிவுக்கு அப்பெயர் வழங்கியது. சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் லாரி தொப்பூர்க் கணவாயில் ஏறும் ஏற்றத்தைத்தான் அச்சொல் முதலில் குறித்திருக்கும். பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிப் போகும் லாரிக்கு அதே கணவாய் ‘டவுன்கிரேட்’, அதாவது இறக்கம். விபத்துகளால் பெயர்பெற்றதும் அந்த இறக்கம்தான்.

தரத்தை உயர்த்துதல் என்னும் வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. முதலில் பதவிக்கும் ஊதிய நிலைக்கும், பிறகு எந்திரங்களுக்கும், கடைசியாகக் கணிப்பொறிக்கும் அது பொருந்தி வந்தது. சரிவைக் குறித்தபோது அச்சொல்லின் நேர்ப்பொருளில் மதிப்பீடு ஏதும் இல்லை. வினையாக மாறியபோதோ, மேலே இருப்பதே சிறந்தது என்னும் தீர்ப்பும் சொல்லோடு சேர்ந்துகொண்டது. மென்பொருள் துறையில் இந்தத் தீர்ப்பை ஆராயாமல் ஏற்பதுதான் சிக்கலுக்கெல்லாம் தொடக்கம் என்பது என் கருத்து.

உடன்வரும் சொற்கள் இரண்டையும் இங்கே சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஃபிரேம்வொர்க்’ என்பதற்குத் தமிழில் ‘சட்டகம்’ என்பது பெருவழக்காகிவிட்டது. கதவுச் சட்டம், படச்சட்டம் என்று நாம் சொல்லும் சட்டத்தோடு உறவுடைய இச்சொல், பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பிறர் எழுதிவைத்த பயன்பாட்டு நிரல்களின் தொகுப்பான நிரல் நூலகத்தை நாம் எழுதும் நிரல் வேண்டும்போது அழைத்துக்கொள்கிறது; சட்டகத்தில் இந்த உறவு தலைகீழாகி, நாம் எழுதும் நிரலைச் சட்டகம் அழைக்கிறது. ஆகவே நூலகம் ஒன்றை மாற்றினால் அதைத் தொட்ட இடங்கள் மட்டும் பாதிக்கப்படும்; சட்டகத்தின் பதிப்பை மாற்றினால் தளம் முழுவதும் அசையக்கூடும். ‘வெர்ஷன்’ என்பதற்குத் திருப்புதல் என்னும் இலத்தீன் வினையே மூலம். ஆங்கிலத்தில் அது முதலில் மொழிபெயர்ப்பைக் குறித்தது. அச்சுத்துறையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘பதிப்பு’ அதைவிடத் தெளிவானது. திருத்திய பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்றெல்லாம் நூல்களின் வழியாக நமக்குப் பழகிய சொல் அது.

இனி, ‘அப்கிரேட்’ என்பதற்குத் தமிழில் வழங்கும் இணைகளுக்கு வருவோம். அரசு வழக்கில் ‘தரம் உயர்த்துதல்’ உறுதியாக நிலைபெற்றுள்ளது. ஓசூர் நகராட்சி 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது என்று எழுதுகிறோம். நடுநிலைப் பள்ளிகள் உயர்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்த்தப்படுவதையும் அவ்வாறே எழுதுகிறோம். இங்கெல்லாம் ‘தரம்’ என்பது பண்பின் மேன்மையைக் குறிப்பதில்லை, வரிசையில் ஓர் இடத்தையே குறிக்கிறது. வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நிலத்துக்கு எழுதப்படும் மண் தரமும் அத்தகையதே. ஆனால், பொதுப் பேச்சில் ‘தரமான பொருள்’ என்றால் நல்ல பொருள் என்றுதான் பொருள்படும். ஆகையால் ‘தளத்தின் தரம் உயர்த்தப்பட்டது’ என்று எழுதினால், பார்ப்பவருக்குத் தளம் முன்னைவிட அழகாகவும் விரைவாகவும் இருக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு உண்டாகிவிடும். சட்டகப் பதிப்பை மாற்றியதன் பயன் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. எல்லாம் சரியாக நடந்திருந்தால் தளம் நேற்றிருந்தது போலவே இன்றும் இருக்கும்.

கலைச்சொல் பட்டியல்களில் மிகுதியாகக் காணப்படுவது ‘மேம்படுத்தல்’. மேம்படு என்னும் தன்வினையிலிருந்து வந்த பிறவினை அது. நல்ல சொல்லே என்றாலும், ஆங்கிலச் சொல்லில் ஒளிந்திருந்த தீர்ப்பை இது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. மேம்பட்டதா இல்லையா என்பது செய்து முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. செயலின் பெயரே அதற்கு முன்கூட்டி விடை சொல்வது முறையன்று.

கைப்பேசிச் செயலிகளில் காணும் ‘புதுப்பித்தல்’ இன்னும் விரிந்தது. உரிமத்தையும் புதுப்பிக்கிறோம், கோயிலையும் புதுப்பிக்கிறோம். ‘அப்டேட்’ என்பதற்கு இணையாக ஆக்கப்பட்ட ‘இற்றைப்படுத்தல்’ எனக்கு உவப்பானது. ‘இற்றை’ என்பது இன்றைய நாளைக் குறிக்கும் பழஞ்சொல். ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கும் பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலில் ‘இற்றைத் திங்கள்’ என்று வருவது இச்சொல்லே. உள்ளதை இன்றைய நாளுக்குக் கொண்டுவருதல் என்னும் அளவான பொருளைத் தவிர வேறெதையும் அது உறுதி கூறுவதில்லை.

இற்றைப்படுத்தலுக்கும் பதிப்பை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. இணையதளம் அமைக்கப் பயன்படும் துருப்பல் (Drupal) என்னும் கட்டற்ற மென்பொருளின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. அதன் 7ஆம் பதிப்பு 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று அதில் தரவுத்தளத்தை ஊடுருவ இடமளிக்கும் கடுமையான ஓட்டை அறிவிக்கப்பட்டது, திருத்தம் 7.32 என்னும் எண்ணோடு அன்றே வந்தது. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யப்படாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயல்படுமாறு துருப்பலின் பாதுகாப்புக் குழு இரு வாரங்களில் எச்சரித்தது. 7.31 என்பதிலிருந்து 7.32 என்பதற்கு மாறுவது எண்ணளவில் மிகச் சிறியது. அதைச் செய்வதற்குக் கிடைத்த காலமோ சில மணி நேரம்.

அதே மென்பொருளின் 8ஆம் பதிப்பு 2015ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. சிம்ஃபனி என்னும் சட்டகத்தின் உறுப்புகளைக் கொண்டு அது பெருமளவு புதிதாக எழுதப்பட்டது. ஆதலால் 7இலிருந்து 8க்குப் போவது பதிப்பை உயர்த்துவதாக இல்லாமல், உள்ளடக்கத்தைப் பெயர்த்தெடுத்துப் புதிய இடத்தில் குடியமர்த்துவதாகவே இருந்தது. பலர் நகரவில்லை. 7ஆம் பதிப்புக்கான ஆதரவு முடிவு, அதாவது திருத்தங்கள் வருவது நிற்கும் நாள், முதலில் 2021 நவம்பர் என்று குறிக்கப்பட்டு, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையே, தான் சார்ந்திருந்த சிம்ஃபனி 3ஆம் பதிப்பின் ஆயுள் முடிந்ததால் 8ஆம் பதிப்பு 2021 நவம்பரிலேயே ஆதரவை இழந்தது. 9ஆம் பதிப்பும் 2023 நவம்பரில் இழந்தது. மேலே ஏறியவர்கள் நின்ற படி, கீழேயே இருந்தவர்கள் நின்ற படிக்கு முன்பாகவே உதிர்ந்துவிட்டது. 8இலிருந்து 9க்கும் 9இலிருந்து 10க்கும் செல்வது எளிதாக்கப்பட்டிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறியவர்கள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆகவே ‘புதிய பதிப்பு வந்துவிட்டதா’ என்று கேட்பதைவிட, ‘இப்போதுள்ள பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும்’ என்று கேட்பதே முறை. அந்த நாளைச் சட்டகத்துக்கு மட்டும் பார்ப்பது போதாது. இணையதளங்களை எழுதும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. அதன்மேல் லாரவெல் என்னும் சட்டகத்தின் 8ஆம் பதிப்பைக் கொண்டு எழுதப்பட்ட தளம் ஒன்று கிருஷ்ணகிரியில் உள்ள மாங்கூழ் ஆலைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாரவெல் 8க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2023 ஜனவரியில் நின்றுவிட்டன. லாரவெல் 11க்கும் 12க்கும் குறைந்தது பிஎச்பி 8.2 தேவை. ஆலைக்காரர் எதையும் தொடாமல் இருந்தாலும், தளம் இயங்கும் வழங்கியை (சர்வர்) வாடகைக்குக் கொடுப்பவர் ஒருநாள் பழைய பிஎச்பியை நீக்கிவிட்டால் தளம் அன்றே நிற்கும். முடிவை அவருக்காக வேறொருவர் எடுத்துவிடுகிறார்.

அத்தளத்தை எப்போது மாற்றுவது என்பதை ஊரின் பருவமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். கிளிமூக்கு மாங்காய் ஆலைக்கு வந்து குவியும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில், கொள்முதல் விவரமும் ஏற்றுமதி விசாரணையும் அந்தத் தளத்தின் வழியாகவே நடக்கும் என்றால், அப்போது சட்டகத்தில் கைவைப்பது அறிவீனம். பருவம் ஓய்ந்த மாதங்களில் காப்பு நகல் எடுத்து, ஒத்திகைத் தளம் ஒன்றில் முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவதே தக்கது. ஓசூர்ப் பக்கத்து ரோஜா ஏற்றுமதியாளருக்கு இதே கணக்கு பிப்ரவரியைச் சுற்றி அமையும். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் பருவம் பார்க்க முடியாது. மாங்காய் வண்டிகள் வாசலில் நின்றாலும் அதை அன்றே செய்தாக வேண்டும்.

பதிப்பெண்ணைப் படிக்கும் முறையும் இங்கே உதவும். எண் மூன்று பகுதிகளாக வந்தால், கடைசிப் பகுதி பிழைதிருத்தத்தையும், நடுப்பகுதி பழையதைக் குலைக்காத புதிய வசதியையும், முதற்பகுதி பழைய நிரலைக் குலைக்கக்கூடிய மாற்றத்தையும் காட்டும் என்பது பலரும் ஏற்ற மரபு. எல்லாரும் அதை ஒரே கண்டிப்போடு பின்பற்றுவதில்லை. ஆங்குலர் சட்டகம் 2016ஆம் ஆண்டில் 2ஆம் பதிப்பாக முற்றிலும் மாற்றி எழுதப்பட்டு, 3ஐத் தாண்டி 2017இல் 4க்குத் தாவியது. முதல் தாவலில் தளங்களை மாற்றி எழுத வேண்டியிருந்தது, இரண்டாம் தாவல் பெரும்பாலோருக்கு எளிதாகவே முடிந்தது. ஜாங்கோ என்னும் சட்டகம் ஏறத்தாழ 8 மாதங்களுக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் மூன்றாண்டு நீடிக்கும் ஆதரவை அளிக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த 4.2, 2025 ஏப்ரலில் வந்த 5.2 ஆகியவை அத்தகையவை. தனியாக நிரலர் வைத்துக்கொள்ள இயலாத சிறு நிறுவனங்கள் நீடித்த ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பிடித்து ஏறுவது போதும் என்பேன். அப்படி ஏறும்போதும் இடையிலுள்ள பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து, இன்ன வசதி இனி நீக்கப்படும் என்று சட்டகம் காட்டும் கைவிடல் எச்சரிக்கைகளை முதலில் தீர்த்துக்கொண்டு போவது பாதுகாப்பானது. லாரவெல் 12க்கு மாறுவதற்கு அதன் வழிகாட்டி மதிப்பிடும் நேரம் 5 நிமிடம். உடன் பயன்படுத்தும் பிறருடைய நிரல் தொகுப்புகள் எல்லாம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தால் அந்த 5 நிமிடம் உண்மையே. வழக்கமாகத் தாமதம் அங்கிருந்துதான் வருகிறது. பணம் செலுத்தும் வாயிலுக்கான தொகுப்பு ஒன்று புதிய பதிப்புக்கு வராவிட்டால், மற்றவை எல்லாம் வந்திருந்தும் பயனில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ‘அப்கிரேட்’ என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் ஒரே இணையைத் தேடுவதைவிட, மூன்று செயல்களுக்கும் மூன்று சொற்களை நிறுத்துவது தெளிவு தரும். திருத்த எண் மட்டும் மாறுவதை ‘இற்றைப்படுத்தல்’ என்போம். பழைய தளத்தை ஒதுக்கிப் புதிதாக எழுதி உள்ளடக்கத்தைக் கொண்டுசேர்ப்பதை ‘மாற்றிக் கட்டுதல்’ என்போம். இடைப்பட்டதற்கு, அதாவது அதே தளத்தை அதே சட்டகத்தின் அடுத்த பதிப்புக்குக் கொண்டுசெல்வதற்கு, ‘பதிப்பேற்றம்’ என்னும் சொல் முதலில் ஈர்க்கிறது. சரிவைக் குறித்த பழைய பொருளோடும் அது இயைகிறது. ஆனால் ‘அப்லோட்’ என்பதற்கு வழங்கும் ‘பதிவேற்றம்’ ஓசையில் அதற்கு மிக நெருங்கியிருப்பதால், தொலைபேசியில் பேசும்போது ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். அதனால் ‘பதிப்புயர்த்தல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். உயர்வது பதிப்பின் எண் என்பதை மட்டும் அது சொல்கிறது. தரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எதிர்ச்சொல்லாகப் ‘பதிப்பிறக்கம்’ என்பது ‘பதிவிறக்கம்’ என்பதோடு குழம்பும் என்பதால், ‘முந்தைய பதிப்புக்குத் திரும்புதல்’ என்று விரித்தே எழுதலாம்.

இந்தப் பிரிப்பு முதலில் பயன்பட வேண்டிய இடம் விலைப்புள்ளியும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும்தான். ‘அப்கிரேட் உட்பட’ என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், இற்றைப்படுத்தல் ஆண்டுக் கட்டணத்துக்குள் அடங்கும், பதிப்புயர்த்தலுக்குத் தனி மதிப்பீடு தரப்படும், மாற்றிக் கட்டுதல் இவ்வொப்பந்தத்தில் சேராது என்று மூன்று தனித்தனி வரிகளாக எழுதி, சட்டகத்தின் இப்போதைய பதிப்பெண்ணையும் அதற்கான ஆதரவு முடியும் நாளையும் அவற்றின் கீழே குறிப்பிட்டு, இரு தரப்பினரும் கையெழுத்திடலாம்.