ஜெபம் வறண்டுபோனால் முதலில் கேட்க வேண்டியது

ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவர்களில் சிலர் உட்காருவதற்கு முன்பே, "பாஸ்டருக்குத் தெரிய வராதே?" என்று கேட்பார்கள். வராது என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் மெதுவாக வரும்: "ஜெபிக்கிறேன் டாக்டர். கேட்க யாரும் இருப்பதாகவே தோன்றவில்லை."

நான் வசனம் சொல்வதில்லை. அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். தூக்கம் எப்படி, பசி எப்படி, இது எப்போது தொடங்கியது என்றுதான் கேட்பேன். மனச்சோர்வில் பாட்டு, பிள்ளைகளின் பேச்சு, ஜெபம் என எல்லாமே ருசியற்றுப் போகும். விசுவாசி ஜெபத்தில் மட்டும் அதைக் கவனித்து, விசுவாசமே போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார். பைபிளில் (1 இராஜாக்கள் 19) சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார், மறுபடியும் சாப்பாடுதான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கடவுளின் கேள்வி பிறகு, ஓரேப் மலையில்தான் வருகிறது. சரியாகச் சாப்பிடாதவரிடம் "இன்னும் உபவாசம் இருங்கள்" என்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு வகை சந்தேகம் மாதிரியே இருக்கும், ஆனால் வேறு. ஒரு இளைஞருக்கு (விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஜெபத்தின் நடுவே பரிசுத்த ஆவியைத் தூஷிக்கும் வார்த்தை தானாக மனதில் வரும். உடனே மன்னிப்புக் கேட்பார். சரியாகக் கேட்டோமா என்று மறுபடி கேட்பார். விடிந்துவிடும். ஆவியைத் தூஷிப்பது மன்னிக்கப்படாது என்று பைபிள் சொல்வதால், அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நடுங்கியபடி வந்தார். இது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகம். ஆங்கிலேயப் போதகரும் எழுத்தாளருமான ஜான் பன்யன்கூட 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில், 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்ற எண்ணம் தன்னை விடாமல் துரத்தியதை எழுதியிருக்கிறார்.

வீட்டார் "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் சற்று நேரம் நிம்மதி. பிறகு பிடி இன்னும் இறுகும். எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டு, மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போடப் பழக்குகிறோம். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இதில் போதகர் கூட நின்றால் வேலை பாதி சுலபம்.

இழப்பிலிருந்தோ யோசனையிலிருந்தோ வரும் நேர்மையான கேள்விகளுக்கு மருந்து எதுவும் கிடையாது, வேண்டியதும் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று அவருடைய சீஷர் தோமா சொன்னார். எட்டு நாள் கழித்தும் சீஷரோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். அது துதியாகத் திரும்பாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடே நின்றுவிடும். வாசித்து முடித்தவர், மிச்சம் இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்மா."

"இதையும் ஜெபம்னுதான் வச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முதல் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.