மானியில் அளவு குறைவு என்றால் காற்று சுத்தமா?

வன்னியில் காற்று மாசு பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கட பக்கம் காடும் குளமும். காத்துக்கு என்ன குறை?" கொழும்போடு ஒப்பிட்டால் அது சரிதான். ஆனாலும் ஏ9 வீதியில் இரவு பகலாக லொறிகள் ஓடுகின்றன, மின்சாரம் நின்றால் கடைக்குக் கடை ஜெனரேட்டர் இயங்குகிறது, அறுவடை முடிந்தால் வயலில் வைக்கோல் எரிகிறது. இவை எல்லாவற்றிலிருந்தும் நைதரசன் ஒட்சைட்டுகள் வருகின்றன. அவற்றுள் நைதரசனீரொட்சைட்டு (NO₂) சுவாசக் குழாயைத் தாக்கும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளைத்தான் அது முதலில் வாட்டும். இலங்கையின் நியமத்தில் இதற்கான எல்லை 24 மணிநேரச் சராசரியாகக் கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதோ 25தான்.

இந்த வாயுவை அளக்கும் மானி அளவைக் கூட்டிக் காட்டினால் எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். குறைத்துக் காட்டினால், "வன்னிதானே" என்று அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

பரவலாகப் பயன்படும் மானி நைத்திரிக்கு ஒட்சைட்டை (NO) மட்டும்தான் நேரடியாக அறியும். அது ஓசோனோடு சேரும்போது பிறக்கும் மெல்லிய ஒளியைத்தான் கருவி அளக்கிறது. நைதரசனீரொட்சைட்டு அப்படி ஒளி தராது. ஆகவே 315 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிய மொலிப்டினம் மாற்றி ஒன்றினூடாகக் காற்றை அனுப்பி, முதலில் அதை நைத்திரிக்கு ஒட்சைட்டாக மாற்றுகிறார்கள். மாற்றியினூடாக வந்த மொத்தத்தில் இருந்து நேரடி வாசிப்பைக் கழித்தால் மிஞ்சுவது நைதரசனீரொட்சைட்டு.

இந்த மாற்றி நாளடைவில் தேய்ந்து போகும். மானி சரியாகக் காட்டுகிறதா என்று அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துப் பார்ப்பதுதான் கலிபரேஷன். அதற்கான வழக்கமான சிலிண்டரில் இருப்பதோ நைத்திரிக்கு ஒட்சைட்டு. மாற்றி செத்துக் கிடந்தாலும் அந்த வாயு மாறாமல் கடந்து போய்ச் சரியான வாசிப்பைத் தந்துவிடும். பூச்சியமும் சரி, மேல் அளவும் சரி என்று பதிவேட்டில் எழுதுவோம். உண்மையில் நாம் தேடும் வாயுவை மானி பாதிதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைப் பிடிக்க வழக்கமான வழி ஓசோன் கலந்து பார்ப்பது. ஓர் உதாரணம்: 400 பிபிபி (நூறு கோடியில் 400 பங்கு) நைத்திரிக்கு ஒட்சைட்டை ஓடவிட்டு, அதோடு ஓசோனைச் சேர்க்கிறோம். நேரடி வாசிப்பு 100க்கு இறங்குகிறது. அதாவது 300 பிபிபி நைதரசனீரொட்சைட்டாகிவிட்டது. மாற்றி நல்லதென்றால் மொத்த வாசிப்பு 400இலேயே நிற்க வேண்டும். அது 340க்கு இறங்கினால் 300இல் 60 காணாமல் போயிருக்கிறது. செயற்றிறன் 80 சதவீதம். அமெரிக்க சுற்றாடல் முகவரகத்தின் விதிப்படி 96 சதவீதத்துக்குக் குறைந்தால் மாற்றியைப் பழுதுபார்க்க வேண்டும் அல்லது புதிதாகப் போட வேண்டும். ஓசோனை அளவுக்கு மீறி விடக்கூடாது. கொஞ்சம் நைத்திரிக்கு ஒட்சைட்டு மிஞ்சியிருந்தால்தான் கணக்குச் சரிவரும்.

மானிக்குப் பூச்சியம் எது என்று காட்ட, வடிகட்டிக் கொடுக்கும் சுத்தமான காற்றும் அதே அளவு முக்கியம். கரி வடிகட்டி தீர்ந்துபோய், பூச்சியம் என்று நாம் கொடுக்கும் காற்றிலேயே 3 பிபிபி இருந்தால், அதன்பின் வரும் ஒவ்வொரு வாசிப்பிலும் அந்த 3 குறையும். நகரத்து நெரிசலில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே அளவே சில பிபிபிதான் இருக்கும் நாட்களில் அது முழுக்கணக்கையும் விழுங்கிவிடும். மாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஈரமாகிவிடும், அதையும் பாருங்கள்.

வெயில்தானே என்று மானி இருக்கும் அறையின் ஏசியை மிகக் குளிராக விடுவார்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று, ஏசிக்கு நேரே தொங்கும், காற்றை மானிக்குக் கொண்டுவரும் டெஃப்லோன் குழாய்க்குள் துளித்துளியாகப் படியும். அந்த நீர் வாயுவையும் பிடித்து வைக்கும், உள்ளே போனால் கருவியையும் கெடுக்கும். குழாயைச் சுற்றி உறை போடுங்கள், ஏசியின் முகத்தைத் திருப்புங்கள், 25 பாகை அளவில் வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் ஜெனரேட்டரை உள்ளிழுக்கும் குழாய்க்குத் தென்மேற்கே வைக்காதீர்கள். நமது புகையையே நாம் அளப்போம். அப்புறம், மின்சாரம் திரும்பியதும் உடனே கலிபரேஷனில் இறங்கவேண்டாம். மாற்றி சூடாகவும் ஒளியுணரி குளிரவும் நேரம் வேண்டும்.

உங்கள் ஊரில் கல்லுடைக்கும் ஆலையோ தொழிற்சாலையோ வருகிறதென்று காற்றுத்தர அறிக்கை ஒன்றைக் காட்டினால், சராசரியைப் பார்ப்பதோடு நில்லாமல் மாற்றியின் செயற்றிறன் எப்போது சோதிக்கப்பட்டது, எத்தனை சதவீதம், சிலிண்டர் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்று கேளுங்கள். அறிக்கை அரச நிறுவனத்திடம் இருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கலிபரேஷன் பதிவுகளையும் எழுத்தில் கோரலாம்.