முதல் இரண்டு குரல்கள்

"கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். முடிவு தவறிய பிறகு ஆளாளுக்கு 'எனக்கு அப்போதே சந்தேகம்தான்' என்கிறார்கள். பொய்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் பொய் இல்லை.

தனியாகத் தீர்மானிக்கும் ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால், ஆள் கூடக்கூடப் பெரும்பான்மை தவறுவது அரிதாகிவிடும். இது 1785-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தொர்சே போட்ட கணக்கு. ஆனால் வாய்திறந்து பேசும் கூட்டத்தில் யார் தனியாகத் தீர்மானிக்கிறார்கள்?

முன்னே பேசியவர்களைப் பார்த்துப் பின்னவர்கள் தீர்மானிப்பதற்குப் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992-இல் ஒரு கணித மாதிரி தந்தார். அதே ஆண்டு வேறு மூவரும் இதே கருத்தை எட்டினார்கள். 1997-இல் பொருளியலாளர்கள் ஆண்டர்சனும் ஹோல்ட்டும் அதை ஆய்வகத்தில் சோதித்தார்கள். அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

மூடிய குடுவையில் மூன்று பந்துகள். அவை இரண்டு சிவப்பும் ஒரு கறுப்புமாக இருக்கலாம், அல்லது இரண்டு கறுப்பும் ஒரு சிவப்பும். ஒவ்வொருவராக வந்து ஒரு பந்தை ரகசியமாகப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டு, எந்த நிறம் அதிகம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதலாமவர் சிவப்பைப் பார்த்து "சிவப்பு" என்கிறார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் கையில் வருவதோ கறுப்பு. முன்னவர்கள் இருவரும் சிவப்பைப் பார்த்திருப்பார்கள் என்று அவர் ஊகிக்கிறார். இரண்டுக்கு ஒன்று, ஆகவே அவரும் "சிவப்பு" என்கிறார். கணக்குப்படி அதுதான் சரி. நான்காமவருக்கு மூன்றாமவரின் சொல்லில் புதுச் செய்தி ஏதுமில்லை. அவரும் அதே நிலையில், அதே பதில். இனி நூறு பேர் வந்தாலும் குடுவையைப் பற்றிப் பேசுவது முதல் இரண்டு பந்துகள்தாம்!

இங்கே கோழையும் இல்லை, முட்டாளும் இல்லை. ஆனாலும் முதல் இருவர் கையிலும் தவறான நிறம் வர ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. வரிசை எவ்வளவு நீண்டாலும் அந்த ஆபத்து குறையாது. அதற்குப் பதில் நூற்றொரு பேர் தத்தம் பந்தைப் பார்த்துத் தாளில் எழுதிப் போட்டிருந்தால், பெரும்பான்மை தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு.

ஆய்வு நிதி ஒதுக்கும் குழுக்களில் தலைவர் முதலில் கருத்துச் சொல்லும் வழக்கம் இருந்தால், அதை ஒழித்துவிடலாம் என்பேன். மதிப்பெண்ணை எழுதி வைத்துவிட்டுப் பிறகு விவாதிக்கட்டும்.

இந்த ஒருமித்த குரல் பார்வைக்குத்தான் உறுதியானது. நாற்பதாவது ஆள் நிறத்தைச் சொல்வதோடு நிற்காமல், தான் எடுத்த கறுப்புப் பந்தை எல்லோருக்கும் காட்டினால், கணக்கு இரண்டு சிவப்புக்கு ஒரு கறுப்பு. அடுத்தவர் கையிலும் கறுப்பு வந்தால் சமநிலை. முப்பத்தொன்பது பேர் சொன்ன "சிவப்பு" அத்தோடு ஆட்டம் கண்டுவிடும்.