அசைன்மென்டில் 25, தேர்வில் 29: என்பிடெல் சான்றிதழ் எங்கே நழுவுகிறது?

ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் இணையத்தில் வீடியோவாக நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றில், வாராந்திர அசைன்மென்டுக்கான 25 மதிப்பெண்ணையும் முழுதாக வாங்கிய மாணவர், தேர்வில் 75-க்கு 29 எடுக்கிறார். கூட்டினால் 54. ஆனாலும் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும் என்பது விதி. இந்த ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிடுகிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர்; வீடியோவை எல்லாம் பார்த்தவர்கள்தான்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இந்தத் திட்டம், இப்போது மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வழியே நடக்கிறது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்கான மதிப்பலகாக, கணக்கு வைத்துக்கொள்ள யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடம் தருகிறது. ஆகவே இது இனி ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்க்கிற வேலை மட்டுமன்று, பட்டத்தோடே பிணைந்துவிட்டது.

சிக்கல் தொடங்குவது விடைகள் கிடைக்கும் இடத்தில். கெடு முடிவதற்குள் டெலிகிராமிலும் யூடியூபிலும் ‘வாரம் 3 விடைகள்’ வந்துவிடும். அவற்றில் தவறானவையும் உண்டு, ஆனால் பெரிய கேடு அதுவன்று. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்கள் மட்டுமே கணக்கில் வரும். எட்டு வாரத்தில் 6, நான்கு வாரத்தில் 3. அதாவது பன்னிரண்டு வாரப் பாடத்தில் நான்கு வாரம் சொதப்பினாலும் மதிப்பெண் குறையாதபடிதான் ஏற்பாடே இருக்கிறது. சொந்தமாகத் தப்புப் போட்டுப் பார்க்கத் தரப்பட்ட அந்த இடத்தை, விடையைப் பார்த்து எழுதி வீணாக்குகிறோம்.

ஓர் உதாரணம். 6 மீட்டர் நீள சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் (இரு முனையிலும் தாங்கி மேல் கிடக்கும் உத்தரம்), நடுவில் 12 கிலோநியூட்டன் பளு. பேராசிரியர் பலகையில் போடும்போது எல்லாம் தெளிவாக இருக்கும்: அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் (உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன்) 18 கிலோநியூட்டன்-மீட்டர். அதே பளுவை இடது முனையிலிருந்து 2 மீட்டரில் வைத்துக் கேட்டால், வீடியோ மட்டும் பார்த்தவர் மறுபடியும் 18 என்றே எழுதுவார். இடது ரியாக்ஷன் (தாங்கி தரும் எதிர்விசை) 8, வலது 4 என்று முதலில் கண்டுபிடித்தவருக்கே 16 வரும். கண்ணால் பின்தொடர்வது சூத்திரத்தை மட்டும் மனதில் விட்டுச்செல்கிறது; படிகளைக் கைதான் கற்கிறது.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பொருந்தும். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். வீடியோ முடிந்ததும் வரும் ‘புரிந்துவிட்டது’ என்ற நிறைவை நம்பி நோட்டை மூடாதீர்கள்.

அரை மணி நேர வகுப்பை எப்படிப் பார்ப்பது? கணக்கு திரைக்கு வந்தவுடன் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் நீங்களே போடுங்கள். எந்தப் படியில் நின்றீர்களோ அதைக் குறித்துக்கொண்டு மேலே பாருங்கள். வகுப்பு முடிந்ததும் வெற்றுத்தாளில் முக்கியமான நான்கைந்து செய்திகளைப் பார்க்காமல் எழுதுங்கள். அரை மணி நேர வீடியோ ஒரு மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இரண்டு மடங்கு வேகம் தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும் உதவும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் எழுத்து வடிவத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு.

அசைன்மென்டைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும்வரை திருத்தி மறுபடி அனுப்பலாம்; கடைசியாக அனுப்பியதே நிற்கும். கடைசி மணி நேரத்தில் நெட் போனால் அந்த வாரம் பூஜ்யம். கெடு முடிந்து விடைகள் வெளியானதும் தவறிய கேள்விகளை மட்டும் தனி நோட்டில் மீண்டும் போடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் அந்த நோட்டோடு போகட்டும். மறுபடியும் தவறுகிற கணக்குக்கு மட்டும் வீடியோவைத் திறந்தால் போதும்.

இன்னொன்று, ஆண்டுதோறும் பலர் தவறவிடுவது: பாடத்தில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. முதலாவதற்குப் பணம் இல்லை. இரண்டாவதற்குத் தனிப் படிவமும் கட்டணமும் கெடுவும் உண்டு. தேர்வு நேரடியாக மையத்துக்குப் போய்க் கணினியில் எழுதுவது. படிவத்தில் தரும் பெயரே சான்றிதழில் அச்சாகும் என்பதால், இனிஷியல் உட்படக் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். கிரெடிட் மாற்றக் கேட்கும்போது பெயர் பொருந்தாமல் அலைகிறவர்கள் அதிகம். கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம், அந்தப் பாடம் உங்கள் துறையில் கிரெடிட்டுக்கு ஏற்கப்பட்டதா என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.