மன்னிப்புக் கேட்டும் விடுதலை காணாதவர்கள்

கிறிஸ்தவ ஆலோசனை ஊழியத்தில் என்னைத் தேடி வருகிறவர்களில் பலர், தங்கள் பாவம் இன்னதென்று சொல்வதற்கு முன்பே, "இதற்காக எத்தனையோ முறை ஜெபம் பண்ணிவிட்டேன் ஐயா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்படி வந்த ஒருவர், சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகளில் கிழிந்துபோய், பின்புறம் டேப் ஒட்டப்பட்டிருந்த அந்தத் தாளில், சிறு வயதுமுதல் தாம் செய்த குற்றங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வரிக்காகவும் மன்னிப்புக் கேட்பதாகவும், நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்தே தொடங்குவதாகவும் சொன்னார். அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் பாவமன்னிப்பைக் குறிக்க வரும் 'அபெசிஸ்' என்ற சொல்லுக்கு விட்டுவிடுதல், அவிழ்த்துவிடுதல் என்று பொருள். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு வாசித்த ஏசாயாவின் பகுதியில் (லூக்கா 4:18) சிறைப்பட்டவர்களுக்கு அறிவிக்கப்படும் விடுதலைக்கும் அதே சொல்தான் வருகிறது. மன்னிப்பைத் தேவன் தந்துவிட்டார், விடுதலையை மட்டும் நான் அழுதும் உபவாசித்தும் சம்பாதிக்க வேண்டும் என்று எண்ணுவதற்கு அந்தச் சொல்லே இடம் கொடுப்பதில்லை.

யோவான் 8ஆம் அதிகாரத்தில், குற்றம்சாட்டப்பட்ட பெண்ணிடம் இயேசு இரண்டு வார்த்தைகள் சொல்கிறார்: நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்ப்பதில்லை என்பது முதலாவது, இனிப் பாவம் செய்யாதே என்பது இரண்டாவது. நம்மில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் திருந்திக் காட்டுகிறேன், பிறகு ஏற்றுக்கொள்ளும் என்று தேவனிடம் பேரம் பேசுகிறோம். அந்தப் பேரம் பலிப்பதில்லை. ஏனென்றால் தண்டனைக்குப் பயப்படுகிறவன் திருந்துவதற்கு முன் ஒளிந்துகொள்வான், ஒளித்து வைத்த பாவமோ இருட்டில் வளரும். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (7:10) பவுல் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரித்துக் காட்டுவது இதனால்தான். முதலாவது மனிதனைப் பிதாவின் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வருகிறது. இரண்டாவது அவனைத் தன் குற்றத்தைச் சுற்றியே நடக்க வைக்கிறது.

அறிக்கையிடுவது அவசியம். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடவே சொல்கிறது. ஆனால் இரகசியம் காக்கத் தெரிந்த, முதிர்ச்சியுள்ள ஒருவரிடம் அது நடக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே ஒருவரை எழுப்பி நிறுத்திப் பேச வைப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அப்படி நிறுத்தப்பட்டதனாலேயே சபையை விட்டுப் போனவர்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கிறது; பழக்கம் முறிய ஆண்டுகள் ஆகலாம். 'அமேசிங் கிரேஸ்' (Amazing Grace) என்ற கீர்த்தனையை எழுதிய ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டன், கப்பல் பணியில் இருந்த நாட்களில், 1748இல் கடற்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். ஆயினும் 1754வரை அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களில் பயணம் செய்தார், அந்த வாணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது 1788இல். அந்தத் தாமதத்துக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை, அதற்கு விலை கொடுத்தவர்கள் சங்கிலியில் கிடந்த மனிதர்கள். ஆனால், மறுபடியும் விழுந்துவிட்டேன், ஆகவே என் விசுவாசமே பொய் என்று சொல்கிறவர்களுக்கு, கிருபை ஒரு மனிதனை எத்தனை நீண்ட காலம் விடாமல் பின்தொடரும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

சில காரியங்களை ஜெபத்தோடு மருத்துவரிடமும் கொண்டுபோக வேண்டும். நீண்டகாலமாக அதிகம் குடித்தவர் ஒரே நாளில் தாமாகவே நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும்கூட நேரலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவது அவிசுவாசம் அல்ல. மன்னிப்பு ஜெபத்தை எண்ணி எண்ணித் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால், அது எண்ணச் சுழற்சி நோயாகவும் இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. சிறுவயதில் பிறரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் அதைத் தங்கள் பாவமாகச் சுமந்து வரும்போது, நான் முதலில் சொல்வது, இதில் நீங்கள் அறிக்கையிட ஒன்றுமில்லை என்பதைத்தான்.

தாளோடு வந்தவரை மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினேன். சில மாதங்கள் கழித்து இருவரும் அந்தத் தாளை மீண்டும் விரித்து உட்கார்ந்தோம். எல்லா வரிகளிலும் தேவனிடம் கேட்க வேண்டியது என்றோ கேட்கப்பட்டுவிட்டது. இரண்டு வரிகளில் மட்டும் மனிதர்களிடம் செய்ய வேண்டியது பாக்கியிருந்தது. வரி வசூலிப்பவனான சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னதை (லூக்கா 19:8) வாசித்தோம். அவர் அந்த இரண்டு வரிகளையும் வேறொரு சிறு தாளில் எழுதிக்கொண்டு, தம் அண்ணனிடம் எடுத்த பணம் எவ்வளவு என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்தபடியே புறப்பட்டார். பழைய தாள் மேசைமேலேயே கிடந்தது.