பன்னிரண்டு நாள் தாமதம்

“மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று தெரிந்துகொள்ள 1900 வரை ஏன் ஆயிற்று? கடிக்கிற கொசு ஒரு டாக்டர் கண்ணிலுமா படவில்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பட்டது. கியூபாவின் ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881-லேயே, இந்த இனக் கொசுதான் என்று அடையாளம் காட்டிவிட்டார். இன்று டெங்குவால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த அதே ஏடிஸ் எஜிப்டி. யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே இன்னொருவரைக் கடிக்க விட்டுப் பார்த்தார் ஃபின்லே. தெளிவான நோய் வரவில்லை.

அதற்கு முன்னால் நடந்தது பெரும் சாவு. 1793-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், ஐம்பதாயிரம் பேர் இருந்த ஊரில், சில மாதங்களில் சுமார் 5,000 பேர் போனார்கள். துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றமே காரணம் என்றார் அந்த ஊர் மருத்துவர் பெஞ்சமின் ரஷ். நோயாளிகளின் ரத்தத்தை வேறு வடித்தெடுத்தார். 1878-ல் அமெரிக்காவின் இன்னொரு ஊரான மெம்ஃபிஸிலும் ஏறக்குறைய அதே கணக்கு. நாற்றம், அழுக்குத் துணி, கெட்ட காற்று என்றே எல்லாரும் தேடினார்கள். கொசுவோ கப்பலின் குடிநீர்ப் பீப்பாயில் சுகமாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு நாட்காட்டி. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். 1898-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஓர்வுட், டெய்லர் பகுதிகளில் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்க அரசு மருத்துவர் பண்ணை வீடு வீடாகப் போய்த் தேதிகளை எழுதினார். யார் எந்த நாளில் படுத்தார், அந்த வீட்டுக்கு யார் எப்போது வந்துபோனார், அவ்வளவுதான். முதல் நோயாளி படுத்த சில நாட்களில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தவர்கள், நோயாளியே அங்கே இல்லாவிட்டாலும், காய்ச்சலில் விழுந்தார்கள். அப்படியானால் ஆளுக்கு வெளியே எதுவோ ஒன்று அந்த வீட்டில் பழுத்துக்கொண்டிருக்கிறது! ஆய்வுக்கூடம் இல்லாமல், பென்சிலும் தாளுமாகக் கண்ட உண்மை. இன்று இதையே திட்டமாக எழுதி நிதி கேட்டால், “இதில் புதுமை எங்கே?” என்று திருப்பி அனுப்புவார்கள் என்றே நினைக்கிறேன்.

பழுப்பது கொசுவின் உடம்பில். கொசு வெறும் ஊசி இல்லை. குடித்த ரத்தத்தோடு போன வைரஸ் முதலில் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருக வேண்டும்; அங்கிருந்து உடற்குழிக்குள் தப்பி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கடியில் நஞ்சு. இதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், வெயில் காலத்தில் கொஞ்சம் குறையும். ஃபின்லே அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. கொசுவின் ஆயுளே சில வாரம். குளிர்ந்தால் வைரஸ் எச்சிலுக்கு வந்து சேருமுன் கொசு செத்துப்போகும். இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. காய்ச்சலின் முதல் மூன்று நாலு நாள்தான் கொசுவுக்கு வைரஸ் கிடைக்கும். நோய் முற்றியதும் எல்லாரையும் அலறி ஓடவைத்த கருப்பு வாந்தி வரும்போது அந்த வாய்ப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

1900-ல் கியூபாவுக்கு வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு ஃபின்லே கொடுத்த முட்டைகளிலிருந்தே கொசு வளர்த்தது. குழுவின் ஜெஸ்ஸி லேசியர் ஆகஸ்டில் தன்னையும் வேறு சிலரையும் கடிக்க விட்டார், ஒருவரும் படுக்கவில்லை. பிறகு, பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு நோயாளியைக் கடித்திருந்த கொசு குழுவின் இன்னொரு மருத்துவரான ஜேம்ஸ் கேரலைக் கடித்தது. சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார் கேரல். லேசியருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செப்டம்பரில் அதே காய்ச்சலில் இறந்தார்.

அவர் பெயரையே வைத்த முகாமில் இரண்டு குடில்கள் கட்டினார்கள். ஒன்றில் நோயாளிகளின் வாந்தியும் கழிவும் காய்ந்த படுக்கை விரிப்புகள். அதில் இருபது இரவு படுத்தவர்கள் நலமாக வெளியே வந்தார்கள். மற்றது துப்புரவான குடில், நடுவே கம்பிவலை. டிசம்பர் 21 அன்று, தானே முன்வந்த ஜான் மோரன் ஒரு பக்கம் பதினைந்து கொசுக்களோடு படுத்தார். வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. மோரனுக்குக் கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சல்.