‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’: மனிதன்தான் காரணியா?

விபத்துச் செய்திகளில் ‘மனிதத் தவறே காரணம்’ என்ற வரி அடிக்கடி வரும். அந்த வரியோடு விசாரணையை முடித்துக்கொள்ள மறுக்கும் ஒரு துறை உண்டு. கருவிகளை மனிதருக்கேற்ப அமைப்பது அதன் வேலை, ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியரிங் என்பது அதன் பெயர். தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்து ‘மனிதக் காரணிகள் பொறியியல்’ ஆக்கிவிட்டோம். துறை எதை மறுக்கிறதோ அதையே அதன் பெயர் சொல்வதுபோல் ஆகிவிட்டது. புதிதாகக் கேட்பவருக்கு ‘மனிதன்தான் காரணம்’ என்றுதானே காதில் விழும்?

ஃபேக்டர் என்பதன் வேர் லத்தீன். ஃபாக்கெரே என்றால் செய்தல். ஃபாக்டர் என்றால் செய்பவர். பிறருக்காக வாணிகம் செய்த முகவருக்கும் அந்தப் பெயர் இருந்தது. அவர் இருந்து வியாபாரம் பார்த்த இடம்தான் முதலில் ‘ஃபேக்டரி’. ஃபேக்டர் பின்னால் கணக்குப் பாடத்துக்குள் வந்தது, அப்புறம் ஒரு விளைவில் பங்குள்ள எதற்கும் பொதுப்பெயரானது. கணக்கில் ‘காரணி’ கச்சிதமாகப் பொருந்துகிறது. 6-இன் காரணிகள் 2, 3 என்றால் யாரையும் குற்றம் சொல்வதாகாது. பக்கத்தில் ‘மனித’ வந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் வம்பு.

இந்தத் துறைப் பெயருக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு: எர்கனாமிக்ஸ். கிரேக்கத்தில் எர்கான் வேலை, நோமோஸ் விதி. போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி 1857-லேயே இந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். பிரிட்டனில் 1949 வாக்கில் முரெல் அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் ‘பணிச்சூழலியல்’ என்கிறோம். நாற்காலி உயரம், மேசை வெளிச்சம் என்று பேசும்போது பரவாயில்லை. அணு உலைக் கட்டுப்பாட்டு அறைக்கும் மருந்துப் பம்புக்கும் அது போதவில்லை.

துறை உருவான கதையைப் பார்த்தால் பெயரின் பொருள் தெளியும். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய பிறகு, சில விமானிகள் ஃபிளாப் எனப்படும் இறக்கை மடல்களை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தட்டி உட்கார்ந்தது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. சக்கர விசைக்கு ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், மடல் விசைக்கு ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் மாட்டினார். விமானிக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கர உருவில் இருப்பது விதி. 1947-இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் இருவரும் ‘விமானி தவறு’ என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு விசையை இன்னொன்றாக நினைத்து இயக்கியவையே பெரும்பங்கு.

கருவியை ஆளுக்கேற்ப அமைக்கும் இந்த வேலையை முறைப்படி செய்ய இரண்டு வழிமுறைக் கருவிகள் உண்டு. ஒன்று டாஸ்க் அனாலிசிஸ். டாஸ்க் என்ற சொல்லும் ‘வரி’ என்று பொருள்படும் டாக்ஸும் ஒரே வேரில் வந்தவை: ஒருவர்மேல் சுமத்தப்பட்டது. அனாலிசிஸ் கிரேக்கத்தில் கட்டவிழ்த்தல். தமிழில் ‘பணிப் பகுப்பாய்வு’ போதும். பணி என்ற சொல்லிலேயே பணித்தல் இருப்பதால், சுமத்தப்பட்டது என்ற சாயலும் தானாக வந்துவிடுகிறது. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் அதைச் செய்பவர் எதைப் பார்க்கிறார், எதை முடிவு செய்கிறார், எதைத் தொடுகிறார் என்று எழுதுவது இது. முடிந்தது என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது ஃபெயிலியர் அனாலிசிஸ்: பொருள் எப்படிக் கெடலாம், ஆள் எங்கே தவறலாம் என்று பார்ப்பது. இதை ‘தோல்விப் பகுப்பாய்வு’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். தேர்தலில் நின்றவர் தோற்கலாம். வால்வு எப்படித் தோற்கும்? பொருளுக்கு வருவது பழுது. ஏமாற்றுதல், பொய்த்தல் என்ற பொருளுள்ள லத்தீன் ஃபால்லெரே என்ற சொல்லிலிருந்து ஃபெயிலியர் வந்தது. மழை பொய்த்தது என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பார்வைதான்.

ஆளுக்கு வருவதற்கு என்ன சொல்வது? இங்கே தமிழ் கைநிறையத் தருகிறது. கை தவறியது, வாய் தவறியது, கால் தவறியது என்று பேச்சிலேயே உறுப்பைத்தான் எழுவாயாக்குகிறோம். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டிய நான்கு வகைக்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. ஸ்லிப் கைதவறுதல், லாப்ஸ் மறதி, மிஸ்டேக் தப்புக்கணக்கு, வயலேஷன் மீறல். ‘வழு’ இன்னும் அழகான சொல், வழுவுதல் என்றாலே நழுவுதல்தான். ஆனால் இலக்கணக்காரர்கள் ஒரு பக்கமும், மென்பொருளின் பக் என்பதற்காகக் கணினிக்காரர்கள் மறுபக்கமும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே மொத்தத்துக்கு ‘பழுது–தவறு பகுப்பாய்வு’ என்று எழுதுகிறேன்.

இரண்டு கருவிகளும் சேரும்போது என்ன கிடைக்கிறது என்பதற்கு 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு, மூட வேண்டிய நேரத்தில் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலோ விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, ‘மூடு’ என்று கட்டளை போனதை மட்டுமே. வால்வு மூடிவிட்டதாக உலையை இயக்கிய இயக்குநர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

பணிப் பகுப்பாய்வு இங்கே சொல்வது: இயக்குநரின் படி ‘வால்வு மூடியதை உறுதிசெய்தல்’, அதற்கு அவருக்கு வேண்டிய தகவல் வால்வின் உண்மையான நிலை. பழுது–தவறு பகுப்பாய்வு சொல்வது: கட்டளை போயும் வால்வு சிக்கலாம், அப்போது விளக்கு பொய் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வரி தானாக விழுகிறது: ‘காட்டி, கட்டளையை வைத்து அல்லாமல் வால்வின் நிலையை நேரடியாக உணர்ந்து காட்ட வேண்டும்.’ இதுதான் ரிக்வயர்மென்ட், அதாவது கருவி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை. ‘இயக்குநர் கவனமாக இருக்க வேண்டும்’ என்பது அறிவுரை. அதைப் பலகையில் வயரிங் செய்ய முடியாது.

அந்த ரிக்வயர்மென்ட்டுக்குத் ‘தேவை’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது, சற்று மென்மையாக. இன்னொரு சிக்கல் ‘வேண்டும்’ என்ற வினைமுற்றில்: தண்ணீர் வேண்டும் என்பது விருப்பம், வரி கட்ட வேண்டும் என்பது கட்டாயம். ஆங்கில ஆவணங்கள் இதைப் பிரிக்க ‘ஷல்’, ‘ஷுட்’ என்று இரண்டு சொல் வைத்திருக்கின்றன. தமிழில் ‘கட்டாயத் தேவை’, ‘பரிந்துரை’ என்று தலைப்பிலேயே பிரித்துவிடுவது நல்லது.

சரி, துறையின் பெயர்? ‘மனித இயல்புப் பொறியியல்’ என்பதே என் தேர்வு. மறப்பதும், ஒரே உருவில் இருப்பதைக் குழப்பிக்கொள்வதும், அணைந்த விளக்கை நம்புவதும் மனிதரின் இயல்பு. இயந்திரத்தை அதற்கேற்ப அமைப்பது இந்தத் துறையின் வேலை. கலைச்சொல் பட்டியல்கள் ‘மனிதக் காரணிகள்’ என்றே எழுதிக்கொண்டிருந்தால், முதல் முறை வரும் இடத்திலாவது ‘மனித இயல்புக் கூறுகள்’ என்று சேர்த்துப் போட்டுவிடலாம்.